மேற்கிலிருந்து ஆறு, கிழக்கிலிருந்து மழை: டெல்டாவில் குடியேறுபவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீடு பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தை மாதத்தில்தான் பார்க்கிறார்கள். பொங்கல் விடுமுறை, இதமான வெயில், வயலெங்கும் விளைந்த சம்பா. அந்த மாதத்தில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும். வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். அப்போது வர முடியாவிட்டால் சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தரகர் சொல்லாததைச் சுவர் சொல்லிவிடும்.

இங்கே காவிரி ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு நாட்காட்டி, மழைக்கு வேறு நாட்காட்டி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் முதலில் பிடிபடாது. அங்கே மழை இல்லாத மாதமே கிடையாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மழை பழகியதுதான், ஆறுதான் புதிது.

ஆறு தென்மேற்குப் பருவத்தைச் சேர்ந்தது. குடகிலும் வயநாட்டிலும் ஆனி, ஆடியில் பெய்யும் மழை மேட்டூர் அணைக்கு வருகிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று அணை திறப்பு. நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் அப்போது நம் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். ஆனாலும் 120 அடி நிரம்பி மேட்டூரிலிருந்து உபரி திறந்தால், திருச்சி அருகே முக்கொம்பு மேலணையிலிருந்து அதைக் காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடம் ஆற்றில் திருப்புவார்கள். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில் மேலணையின் மதகுகளே உடைந்தன. ஆகவே கொள்ளிடப் படுகையில் மலிவாக மனை கிடைத்தால், அது ஏன் மலிவு என்று ஊர்க்காரர் நாலு பேரிடம் கேளுங்கள். வெயில் அடிக்கிறதே என்று ஆடி மாதத்தில் பிள்ளைகளைக் கொள்ளிட மணலில் விளையாட விடவும் கூடாது.

மழை கிழக்கிலிருந்து வருவது. அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். நாகப்பட்டினத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும், அதுவும் சில நாட்களில். புயல் வந்தால்தான் பெருமழை என்றும் இல்லை. 2022 நவம்பரில் புயல் எதுவும் இல்லாமலே சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. பெய்தது.

10 செ.மீ. மழை என்றால் 1000 சதுர அடி மொட்டை மாடியில் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதற்கு ஒற்றைக் குழாய் போதாது. நாலு அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு வேண்டும். அதன் வாயில் வேப்பிலையும் தென்னம்பூவும் அடைக்காமல் சல்லடை போட்டு, புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிட வேண்டும். வீட்டுத் தரை தெருவைவிட குறைந்தது மூன்று அடி உயர்ந்திருக்கட்டும். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள். பத்து வருடத்தில் உங்கள் மூன்று அடி இரண்டாகிவிடும். மின்மீட்டர், மோட்டார் சுவிட்ச் இரண்டையும் இடுப்புக்கு மேலே வையுங்கள். மண் களிமண், சட்டென்று உறிஞ்சாது. ஆறுகள் கடலைச் சேரும் கடைமடைப் பகுதியில் கடல் பொங்கியிருந்தால் வடிகால் ஆறுகளும் வாங்காது. மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் நிற்பது அதனால்தான். அந்த நாட்களில் பாம்பு வறண்ட இடம் தேடி வீட்டுக்குள் வரும்; செருப்பை உதறாமல் காலை நுழைக்காதீர்கள்.

புயலுக்கென்று தனித் தயாரிப்பு வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை, ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்பதற்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன, சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. இன்வெர்ட்டர் ஓர் இரவுக்குத்தான் உதவும். எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும், நிறைந்த தொட்டி நிற்கும். வீட்டையொட்டிய தென்னையில் காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிடுங்கள். கையில் ரொக்கம், பத்திரங்கள் பாலித்தீன் உறையில். நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் கதவைத் திறக்காதீர்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கும், தஞ்சாவூர் 40 டிகிரியைத் தொடும். கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று காப்பாற்றும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்தால் அதுவும் தாமதமாகும். உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியை அரிக்கும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

“கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை” என்பார்கள். நம்பிவிடாதீர்கள்: 2021 ஜனவரியில் பெய்த மழை அறுப்புக்கு நின்ற சம்பாவைச் சாய்த்து முளைக்க வைத்தது. சாமான்களை லாரியில் கொண்டுவர மாசி, பங்குனிதான் தோதான காலம். விடியற்காலையில் மட்டும் கிளம்பாதீர்கள். பனிமூட்டம் ஏழு மணிக்கு மேலும் விலகாத நாட்கள் உண்டு, சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும்.