கல்லீரலைத் தேடி வரும் பிஃபாஸ்: குடிநீரில் தொடங்குங்கள்

ஒட்டாத பாத்திரப் பூச்சு, கறை படியாத துணி, தீயணைப்பு நுரை எனப் பலவற்றிலும் பிஃபாஸ் (PFAS) எனும் ரசாயனக் குடும்பம் உண்டு. கார்பனும் ஃபுளூரினும் பின்னிய பிணைப்பை அறுக்க உடம்புக்குத் தெரியாது. கல்லீரல் இவற்றைப் பித்தநீரில் தள்ளிவிட்டாலும், குடல் பெரும்பகுதியை உறிஞ்சி மறுபடியும் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ ரத்தத்தில் பாதியாகக் குறைய 2 முதல் 4 ஆண்டுகள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த ‘டீடாக்ஸ்’ சாறும் இதைக் கழுவாது. புதிதாக உள்ளே போவதைத் தடுப்பதே வழி.

முதலில் தண்ணீர். கொதிக்கவைப்பது இங்கே உதவாது. ஒரு லிட்டரை அரை லிட்டராகச் சுண்டவைத்தால் பிஃபாஸ் அப்படியே தங்கி, அடர்த்தி இரு மடங்காகும். ஆர்.ஓ. கருவியோ, ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டியோ வேண்டும். ஆர்.ஓ.வுக்கு என்.எஸ்.எஃப். (அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு) 58, கார்பனுக்கு என்.எஸ்.எஃப். 53 சான்று இருக்கிறதா, அதில் பிஎஃப்ஓஏ, அதே குடும்பத்து பிஎஃப்ஓஎஸ் பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம். அது காட்டுவது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கரைந்துள்ள உப்பை. அமெரிக்கா 2024-இல் பிஎஃப்ஓஏவுக்கு விதித்த வரம்போ லிட்டருக்கு 4 நானோகிராம்; ஒரு நானோகிராம் என்பது மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பலரும் கோட்டைவிடுவது கார்பன் மாற்றும் நாளை. நிரம்பிய கார்பன், பிடித்துவைத்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே விடக்கூடும். சுவையில் எதுவும் தெரியாது. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுத்தால், 1,500 லிட்டர் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் 75 நாளில் தீர்ந்தது. மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரில் பிஃபாஸ் செறிந்திருக்கும். காய்கறிச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஒட்டாத பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். பிஃபாஸ் தங்கும் வீட்டுத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து பரிசோதனை. ரத்தத்தில் பிஃபாஸ் கூடியவர்களிடம் ஏ.எல்.டி., அதாவது எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவும் சற்றுக் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிஃபாஸ்மேல் பழி போடக் கூடாது. கொழுப்புக் கல்லீரல், மது, ஹெபடைட்டிஸ் பி, சி, சில மருந்துகள், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி என எதனாலும் அது ஏறும். பரிசோதனைக்கு முன் சில நாள் கடும் பயிற்சியைத் தவிருங்கள்; கூடியிருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள். சாப்பிடும் மாத்திரை, லேகியம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். கல்லீரலுக்கு நல்லதென்று விற்கும் சில மூலிகைக் கலவைகளே அதைப் புண்ணாக்கும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.