ஆயாவிடம் கேட்டோ மேனரைப் பற்றிக் கேட்பது எப்படி

கேட்டோ மேனர் என்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பகுதி. அங்கே குடியிருந்த எங்கள் ஆயாவின் குடும்பத்தை வெள்ளையர் அரசாங்கம் வெளியேற்றி, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. "வீட்டை விட்டு விரட்டினாங்களே, எப்படி இருந்துச்சு?" என்று முதல் தடவை எங்கள் ஆயாவிடம் கேட்டேன். "எல்லாம் நல்லதுக்குத்தான், சாட்ஸ்வொர்த்துல குழாய்த் தண்ணி கிடைச்சுதே" என்று முடித்துவிட்டார். நான் கேட்ட விதம் தப்பு. டர்பனில் இப்படி வாயடைத்துப்போன ஆயா, தாத்தா நிறைய வீடுகளில் இருக்கிறார்கள்.

கேட்கப் போகும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1950இல் வந்த ஒரு சட்டம் ஆளுக்கு ஓர் இனத்தைப் பதிந்தது. அதே ஆண்டு வந்த குரூப் ஏரியாஸ் சட்டம், அந்த இனத்துக்கு ஒதுக்கிய இடத்தில்தான் குடியிருக்கலாம் என்றது. கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுக் காய்கறி விற்ற நம் இந்திய வம்சாவளியினர் பலர் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். அங்கிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பல ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய குவாமாஷுவுக்குப் போயின. ஆப்பிரிக்கர் பகுதியான உம்லாசிக்கும் வெள்ளையர் பகுதிக்கும் இடையில் தடுப்பாக சாட்ஸ்வொர்த்தை வைத்தார்கள். இது தெரிந்தால்தான், பெரியவர்கள் "அவங்க அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்" என்னும்போது அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று புரியும்.

சரி, எப்படிக் கேட்பது? விரட்டியதைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள். அடுப்படி எந்தப் பக்கம்? வாசலில் என்ன மரம்? பக்கத்து வீட்டில் யார்? ஆயா மாமரத்தைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். அப்புறம், "லாரி வந்தப்ப எல்லாம் பிஞ்சா இருந்துச்சு" என்றார். அந்த நேரத்தில் சமாதானம் சொல்லாதீர்கள். பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

1949இல் ஆப்பிரிக்கர் இந்தியரைத் தாக்கிய கலவரத்தையும் கேளுங்கள். டர்பனில் 142 பேர் செத்தார்கள். அந்தப் பயம் ஆப்பிரிக்கரைப் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சில் இன்னும் இருக்கிறது. அதனால் உங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஆப்பிரிக்கர் யாராவது உண்டா என்றும் கட்டாயம் கேளுங்கள்.

நிறத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள். சின்ன வயதில் என்னை வெயிலில் விளையாட விட மாட்டார்கள், கறுத்துவிடுவேனாம். இதை முழுக்க அபார்த்தெய்ட் என்ற அந்த நிறவெறி ஆட்சியின் தலையில் போட மாட்டேன். சாதியும் நிறமும் நம்மோடு கப்பலேறி வந்தவை. ஆனால் பள்ளிக்கூடப் பணம், வேலை, கூலி எல்லாவற்றையும் அரசாங்கமே நிறம் பார்த்துப் பங்கிட்டதைக் கண்டவர்களுக்கு, பிள்ளையின் நிறம் வயிற்றுப்பாட்டுக் கவலை ஆகிவிட்டது. ஆயாவிடம் கோபப்பட வேண்டாம். "உங்களுக்கு யாரு இப்படிச் சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

அனுமதி வாங்கிப் போனில் பதிவு செய்யுங்கள். பழைய தகரப்பெட்டியில் உள்ள காகிதங்களையும் பாருங்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இங்கே ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அது கிடைத்தால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஊர் வரைக்கும் தேடலாம்.

முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப் போங்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது புல்தான். ஆயா சரிவில் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் நின்று, "அடுப்படி இங்கதான்" என்றார். ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துப் போங்கள். உடனே கிளம்ப மாட்டார்கள்.