ரீ கலத்தில் தன்விழுங்கலை அளப்பது எப்படி?

கலம் தன் பாகங்களைத் தானே செரிப்பதே தன்விழுங்கல் (ஓட்டோபேஜி). நோயெதிர்ப்புக் கலமான ரீ கலம், தான் முதிரும் தைமஸ் சுரப்பியை விட்டு வெளியேறும்போது தன் இழைமணிகளில் (மைற்றோகொண்ட்ரியா) ஒரு பகுதியை இப்படிச் செரித்துக் குறைத்துக்கொள்ளும். தன்விழுங்கலுக்குத் தேவையான ஏ.ரி.ஜி.5, ஏ.ரி.ஜி.7 ஆகிய மரபணுக்களில் ஒன்றை நீக்கிய எலிகளில் இது நடப்பதில்லை; இழைமணிகள் தேங்கி, கலங்கள் மடிகின்றன. மனிதக் குருதியில் இந்தத் தன்விழுங்கலை எல்.சி.3 புரதத்தைக் கொண்டு அளக்கலாம்.

உறையாமலிருக்க எப்பாரின் இட்ட 10 மி.லீ. குருதியை அதே அளவு தாங்கற் கரைசலுடன் கலந்து, 50 மி.லீ. குழாயிலுள்ள 15 மி.லீ. ஃபைக்கோல் என்ற அடர்ந்த கரைசலின் மேல் சுவரோடு வழியவிடுங்கள். புவியீர்ப்பின் 400 மடங்கில், 20 பாகை செல்சியஸில், 30 நிமிடம் சுழற்றுங்கள், பிரேக் வேண்டாம். சுடு காற்றான கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் ஏசி இல்லாத அறையில் இதைச் செய்தால் செங்குழியங்கள் திரண்டு, நிணநீர்க்குழியங்களையும் (ரீ கலம் இவற்றில் ஒரு வகை) பிடித்துக்கொண்டு அடியில் போய்விடும். ஃபைக்கோலின் மேல் இக்குழியங்கள் சேரும் வெள்ளை வளையம் மெலிந்திருந்தால் கையைக் குறை சொல்லுமுன் வெப்பமானியைப் பாருங்கள். வளையத்தில் மற்ற வெண்குழியங்களும் இருக்கும் என்பதால், காந்த மணிகளால் ரீ கலங்களைப் பிரித்தெடுங்கள்.

பாதியை சி.டி.3, சி.டி.28 எதிர்ப்பொருள்களால் 2-3 நாள் தூண்டுங்கள். மறுபாதி ஓய்வில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மீண்டும் இரண்டாக்கி, ஒன்றில் 100 நனோமோலர் பஃபிலோமைசின் (கலத்தின் செரிமானப் பையான இலைசோசோமின் வேலையை நிறுத்தும் மருந்து), மற்றதில் அதே அளவு வெறும் கரைப்பான். 2 மணித்தியாலம். ஆக நான்கு குழாய்கள்.

இந்த இரட்டைச் சோதனையை மிச்சம் பிடிக்கக் கூடாது. வாடியில் மீன் கூடைகள் தேங்கிக் கிடந்தால், பாடு (பிடிபட்ட மீன்) கூடியதா, லொறி வரவில்லையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? எல்.சி.3-2 பட்டையும் அப்படித்தான்; எல்.சி.3-1இல் கொழுப்பு ஒட்டி, தன்விழுங்கல் பையின் சவ்வில் சேரும் வடிவமே எல்.சி.3-2. பஃபிலோமைசின் லொறியை நிறுத்திவிடும். மருந்துள்ள பட்டைக்கும் மருந்தில்லாத பட்டைக்கும் உள்ள வித்தியாசமே அந்த 2 மணித்தியாலத்தில் செரிக்கப்பட்டிருக்க வேண்டிய அளவு. வித்தியாசமே இல்லையென்றால் மருந்து கெட்டிருக்கலாம், அல்லது இலைசோசோம் ஏற்கெனவே அடைபட்டிருக்கலாம்.

பட்டைகளைப் பார்க்க, கலங்களை உடைத்துப் புரதத்தை ஜெல்லில் ஓட்டி மென்சவ்வுக்கு மாற்றுங்கள் (வெஸ்டர்ன் பிளொட்): ஒரு தடத்துக்கு 20 மைக்ரோகிராம் புரதம், 15 சதவீத ஜெல். மென்சவ்வு 0.2 மைக்ரோமீற்றர் பி.வி.டி.எஃப். ஆக இருக்கட்டும், 0.45 ஆனால் இச்சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடும். கொழுப்பு ஒட்டிய எல்.சி.3-2 கூடிய பாரமுடையதென்றாலும் வேகமாக ஓடி, சுமார் 14 கிலோடால்டனில் நிற்கும்; எல்.சி.3-1 சுமார் 16இல். மாதிரியைத் திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கினால் எல்.சி.3-1 சிதையும். ஆகவே எல்.சி.3-2ஐ அதனோடு ஒப்பிடாமல் ஏற்றிய புரத அளவைக் காட்டும் அக்டின் புரதத்தோடு ஒப்பிடுங்கள்.

தன்விழுங்கலில் செரிக்கப்படும் பி62 என்ற புரதம் குறைவதை மட்டும் நம்ப வேண்டாம். தூண்டிய கலத்தில் அதன் உற்பத்தியும் மாறும்.