கோபால்ட் படலமும் கொழுந்தும்: சிங்க்ரோட்ரானுக்குப் போகுமுன்

அரைத்த கொழுந்து காற்றுப் பட்டதும் பச்சை மாறிச் செம்பு நிறமாவதைத் தேயிலை பேக்டரியில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். காந்தத்தை அளக்கவென்று போட்ட மெல்லிய கோபால்ட் உலோகப் படலத்தையும் அதே ஒட்சிசன் விடாது என்பது எனக்கு முதல் தடவை உறைக்கவில்லை. மேலே காப்புக்கு மூடுபடலம் போடாத மாதிரியைச் சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஹட்டன் மழையில் இரண்டு கிழமை வீட்டில் வைத்திருந்தேன். செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரமான சிங்க்ரோட்ரானில், கதிரின் சக்தியை மாற்றி மாற்றி உறிஞ்சலை அளந்தபோது, 778 இலத்திரன் வோல்ட் சக்திக்கு அருகே வழவழப்பான ஓர் உச்சி வரவேண்டிய இடத்தில் சீப்புப் பல்லாகப் பிளந்த உச்சி வந்தது. அது உலோகம் இல்லை, ஒட்சைட்டு. இலங்கையில் சிங்க்ரோட்ரான் கிடையாது. இந்தூரின் இண்டஸ்-2 போல ஏதாவது ஒன்றுக்குக் கடல் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வீணான ஒவ்வொரு மணித்தியாலமும் இன்றும் மனதை அறுக்கிறது.

வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே வரும், எக்ஸ் கதிர்களைக் காந்தப் படலம் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசம்தான் நாம் தேடும் சைகை. இரும்புக்கு 707, நிக்கலுக்கு 853 இலத்திரன் வோல்ட் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி இடம் இருப்பதால், எந்தப் படையின் காந்தம் எது என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் மாதிரியிலிருந்து வெளியேறும் இலத்திரன்களை அளக்கும்போது மேலே உள்ள சில நனோமீற்றர்தான் தெரியும். படலம் ஒட்சியேறியிருந்தால் பெரும்பாலும் அந்தத் துருவைத்தான் அளக்கிறோம். அதற்குப் பயந்து மூடுபடலத்தைத் தடிப்பாகப் போட்டால் சைகையே மங்கிவிடும். அலுமினியமோ பிளாட்டினமோ இரண்டு நனோமீற்றர் அளவில் போடுங்கள், அதையும் படலம் படியவைத்த வெற்றிடக் கலத்தைத் திறக்குமுன் போடுங்கள்.

அடுத்தது கோணம். கதிரின் திசையில் உள்ள காந்தக்கூறு மட்டுமே சைகை தரும். காந்தம் படலத்தின் தளத்திலேயே படுத்திருக்க, கதிரைச் செங்குத்தாக விட்டால் ஒன்றும் வராது. படலத் தளத்திலிருந்து 30 பாகை அளவில் கதிர் விழுமாறு சாய்ப்பது வழக்கம். இந்தத் தனிமங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய உச்சியும் ஒரு சிறிய உச்சியும் தரும். மிகவும் தாழ்வான கோணத்துக்குப் போனால் பெரிய உச்சி செறிவடைந்து உயரம் குறையும். இலத்திரன் அணுவைச் சுற்றுவதால் வரும் சுற்றுப்பாதைக் காந்தத்திருப்பம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

உச்சிகளின் பரப்பிலிருந்து காந்தத்திருப்பங்களைக் கணிக்க 1992, 1993 ஆம் ஆண்டுகளில் வந்த கூட்டல் விதிகளில் எண்களை அப்படியே போட்டு விடை எடுக்காதீர்கள். கதிர் எவ்வளவு தூரம் வட்ட முனைவாக்கம் உடையது, காந்தத்துக்குக் காரணமான 3டி இலத்திரன் ஓட்டில் எத்தனை காலியிடங்கள் என்று தெரியாமல் அந்த விடைக்குப் பெறுமதி இல்லை. மங்கனீசில் இரண்டு உச்சிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால் இலத்திரனின் தற்சுழற்சியால் வரும் காந்தத்திருப்பம் பெரிதாகப் பிழைக்கும்.

காந்தப்புலத்தையும் திருப்பி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். வித்தியாசத்தின் குறி மாறாவிட்டால் அது காந்தத்திலிருந்து வந்தது இல்லை.