பாக்டீரியா ஜீனோமில் டிஎன்ஏ-வைப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக்களைத் தேடுவது எப்படி?

லினக்ஸ் டெர்மினலும் ஃபாஸ்டா கோப்பும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாக்டீரியாவைத் தொடும் முன் ஈ. கோலை கே-12 ஜீனோமில் ஒருமுறை செய்து பாருங்கள். சுமார் 46 லட்சம் கார இணைகள், 4,300 அளவில் புரத மரபணுக்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் எங்கே தவறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படி 1: மரபணுக்களைக் குறித்தல்

ஜீனோமில் மரபணுக்கள் எங்கே என்று கணிக்கும் புரோடிகல் என்ற நிரல் போதும். ஏடிஜி-யில் (மெத்தியோனினைக் குறிக்கும் வழக்கமான தொடக்கக் கோடான், அதாவது புரதம் தொடங்கும் மூன்றெழுத்து) தொடங்குபவற்றை மட்டும் எடுக்கும் எளிய ஓஆர்எஃப் தேடிகள் (தொடக்கக் கோடான் முதல் நிறுத்தக் கோடான் வரையுள்ள நீட்சிகளைத் தேடுபவை) இந்த வேலைக்கு ஆகாது. காரணத்தை லாக்ஐ மரபணுவிலேயே (லாக்டோஸ் மரபணுக்களை அடக்கும் புரதத்துக்கானது) பார்க்கலாம். அதன் தொடக்கக் கோடான் ஜிடிஜி. அதைத் தவறவிட்டால் அடுத்த மெத்தியோனின் 42-ஆம் இடத்தில்தான் வருகிறது. டிஎன்ஏ-வைப் பிடிக்கும் ஹெலிக்ஸ்-டர்ன்-ஹெலிக்ஸ் (இரண்டு சுருள்கள், நடுவில் ஒரு திருப்பம்) பகுதியோ முதல் 25 அமினோ அமிலங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆக, 360 அமினோ அமிலங்களில் 319 கிடைத்திருக்கும், நாம் தேடுவது மட்டும் இருக்காது! மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் டெட்ஆர், லைஸ்ஆர் புரதக் குடும்பங்களிலும் பிடிக்கும் பகுதி முன்முனையில்தான். அராசி குடும்பத்தில் அது பின்முனையில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பட்டியலில் ஒரு குடும்பம் மட்டும் குறைவாகத் தெரிந்தால் முதலில் தொடக்கக் கோடான்களைச் சரிபாருங்கள்.

படி 2: டொமைன் தேடல்

டொமைன் என்பது புரதத்தில் தனி வேலை செய்யும் ஒரு பகுதி. டொமைன் குடும்பங்களின் தொகுப்பான பிஃபாமின் மாதிரிகளை (இப்போது இன்டர்புரோ தளத்தில் கிடைக்கின்றன), அவற்றை வரிசைகளில் தேடும் ஹேமர் நிரல் கொண்டு ஓட்டுங்கள். இரண்டு வரிசைகளின் ஒற்றுமையை நேரடியாகத் தேடும் பிளாஸ்ட் வேண்டாம் என்பேன். லாக்ஐ-யின் பெரும்பகுதி, சர்க்கரையைப் பிடிக்கும் பெரிபிளாசப் (செல்லின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதி) புரதங்களை ஒத்தது. டிஎன்ஏ பக்கமே போகாத அவையும் சேர்ந்து வந்துவிடும். வெட்டுப்புள்ளியாக எல்லாவற்றுக்கும் ஒரே ஈ-மதிப்பை (தற்செயலாக எத்தனை பொருத்தங்கள் வரலாம் என்ற எண்) வைக்காமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிஃபாம் தரும் சேகரிப்பு வரம்பையே (உறுப்பினராக ஏற்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்) பயன்படுத்துங்கள். இவ்வளவு குட்டையான டொமைன்களுக்கு அதுதான் நம்பகமானது.

படி 3: ஹெலிக்ஸ்-டர்ன்-ஹெலிக்ஸோடு நிறுத்தாதீர்கள்

எச்யு புரதம் வெறும் 90 அமினோ அமிலங்கள். பீட்டா இழைக் கைகளால் டிஎன்ஏ-வைப் பற்றி வளைக்கிறது. மெட்ஜே என்ற புரதம் பிடிப்பது ரிப்பன்-ஹெலிக்ஸ்-ஹெலிக்ஸால் (ஒரு பட்டை இழை, இரண்டு சுருள்கள்). எச்-என்எஸ் என்ற புரதம் இந்த இரண்டு வகையிலும் சேராது. இவற்றின் மாதிரிகளையும் சேர்த்தால்தான் பட்டியல் முழுமையாகும்.

படி 4: களையெடுத்தல்

டிரான்ஸ்போசேஸ்களும் (டிஎன்ஏ துண்டுகளை இடம் மாற்றும் நொதிகள்) சிக்மா காரணிகளும் (மரபணுப் படியெடுத்தலைத் தொடங்க உதவும் புரதங்கள்) வந்திருக்கும். டிஎன்ஏ-வைப் பிடிப்பவைதாம், ஆனால் லாக்ஐ போன்ற அடக்கிகளோடு ஒன்றாக எண்ணக்கூடாது. தனிப் பட்டியலாக வையுங்கள்.

பிற்சேர்க்கை: மைக்கோபிளாஸ்மாவில் மரபணுக்கள் துண்டு துண்டாக வருகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே டிஜிஏ நிறுத்தக் கோடான் இல்லை, டிரிப்டோஃபானைக் குறிக்கிறது. புரோடிகலில் மரபுக் குறியீட்டு அட்டவணையை 11-லிருந்து 4-க்கு மாற்றி, படி 1-லிருந்து மறுபடி ஓட்டுங்கள்.