திருப்புறம்பியம் போரை மேசையில் ஆடலாம்: முதன்முதலாகச் சிறு சிப்பாய் செய்பவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகச் சுமார் 10 கி.மீ. போனால் திருப்புறம்பியம். கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவில் இருக்கும் ஊர். விநாயகர் சதுர்த்தி இரவில் பிள்ளையாருக்குத் தேனபிஷேகம் நடக்கும் தலம் என்றுதான் பலருக்கும் தெரியும். கி.பி. 880 வாக்கில் இங்கே ஒரு பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிரே பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, இவர்களோடு தஞ்சைப் பக்கத்திலிருந்து சோழன் முதலாம் ஆதித்தன். பாண்டியன் தோற்றான். சில ஆண்டுகளிலேயே ஆதித்தன் அபராஜிதனையும் வென்று தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். சோழப் பேரரசுக்கு வழி திறந்தது இந்த வயல்களில்தான்.

அந்தப் போரை மூன்றடிப் பலகையில், கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை வைத்து எப்படி ஆடுவது என்று இங்கே சொல்லித் தருகிறேன். கையில் கொஞ்சம் பணமும் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும்.

முதல் படி: ஒரே ஒரு போரைத் தேர்ந்தெடுங்கள்

சிப்பாய் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவார்கள். ஒரு பெட்டி ரோமானியர், ஒரு பெட்டி நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எதிரெதிரே நிறுத்த முடியாத இருநூறு பொம்மைகள் அலமாரியில் இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு போர், இரண்டு படை என்று முடிவு செய்துவிட்டால் என்ன செய்ய வேண்டும், எத்தனை செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். நீங்கள் நடந்து பார்க்கக்கூடிய இடத்தில் நடந்த போராக இருந்தால் இன்னும் நல்லது.

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களில் 1:72 அளவு பரவலானது. ஆள் சுமார் இரண்டரை செ.மீ. உயரம் இருப்பான். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் படை அதில் எளிதில் கிடைக்காது. ஆகவே நாமே செய்யப் போகிறோம், தட்டையாக. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்துக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தில் வார்த்த தட்டைச் சிப்பாய்கள்தான் ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை. பின்னாளில் அவற்றுக்கு நிலைத்த அளவு 3 செ.மீ. நமக்கும் அதே அளவு. அச்சில் அழுத்தி எடுக்கும் வேலையோ கொலு பொம்மை பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதில்லை.

இரண்டாம் படி: கல்லைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள்

சினிமாப் போர்வீரனை மனசிலிருந்து இறக்கிவிடுங்கள். மார்புக்கவசமும் கொம்பு வைத்த தலைக்கவசமும் வேண்டாம். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் ஆதித்தன் காலத்தை ஒட்டியது. அதன் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவில் ராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கையிலும் அப்படியே. அது ஒரு தலைமுறை பிந்தியது. வில்லை எப்படிப் பிடிக்கிறார்கள், இடைக்கச்சை எங்கே முடிகிறது, கொண்டை எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து பென்சிலால் வரையுங்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது போனால் செதுக்கல் துல்லியமாகத் தெரியும்.

கங்கப் படைக்கு பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் பேகூர் நடுகல்லின் படத்தைத் தேடிப் பாருங்கள். யானை, குதிரை, வாள், வில் என ஒரு முழுப் போரே அந்தக் கல்லில் இருக்கிறது. காலமும் ஏறக்குறைய இதே. பல்லவர் பக்கத்துக்குச் செங்கம் நடுகற்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் வேளைக்காரப் படை, கைக்கோளப் படைப் பெயர்களை இந்தப் போருக்குக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கல்வெட்டுகள் நூறு வருடத்துக்கும் மேல் பிந்தியவை.

மூன்றாம் படி: அச்சும் ஆளும்

என் முதல் படையை ஆற்று வண்டலில் செய்து வெயிலில் காய வைத்தேன். பக்கத்துச் சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகின் மேல் பூசும் மண், எவ்வளவு நுணுக்கமானது என்று ஆசைப்பட்டுவிட்டேன். ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து எல்லாருடைய கையும் உதிர்ந்துவிட்டது. சுடாத மண் இந்த அளவுக்குத் தாங்காது. குழாய் அடைக்கும் எம்-சீல் வாங்குங்கள்.

முதலில் பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணில் ஒரு தரை ஓட்டின் மேல் ஆளைச் செய்யுங்கள். உயரம் 3 செ.மீ., தடிமன் 4 மி.மீ. ஓரமெல்லாம் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். உள்பக்கம் குழிந்த இடம் ஒன்று இருந்தாலும் அச்சிலிருந்து ஆள் வெளியே வரமாட்டான். வேலாயுதத்தைச் செதுக்காதீர்கள், கை மட்டும் போதும். சுற்றி அட்டையால் வேலி கட்டி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து ஊற்றுங்கள். முக்கால் மணிநேரத்தில் இறுகும். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அச்சை இரண்டு நாள் காய விடுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு எம்-சீலின் இரண்டு துண்டையும் ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள். அச்சில் துளி தேங்காயெண்ணெய் தடவி, முகப்பவுடர் தூவித் தட்டிவிட்டு, பிசைந்ததை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒரு மணிநேரம் கழித்து, முழுசாக இறுகும் முன்பே, மெல்ல நெம்பினால் வந்துவிடும். பிசிறைப் பிளேடால் சீவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். வேலுக்குத் தென்னை ஈர்க்குதான். நுனி தானாகவே கூராக இருக்கும். கையில் ஊசியால் துளை போட்டுச் செருகி ஃபெவிக்விக் ஒரு சொட்டு.

வாள்வீரன், வில்லாளி, குதிரைக்காரன் என மூன்று அச்சு போதும். யானை இரண்டே வேண்டும். கோயில் வாசல் பொம்மைக் கடையில் வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: நிறம்

அக்ரிலிக் வண்ணம், 0 எண் தூரிகை ஒன்று, 2 எண் ஒன்று. முதலில் ஆள் முழுவதும் கரும்பழுப்பு. காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் உடல் நிறம், பிறகு துணி. குழிகளில் கருமை அப்படியே நின்றுவிடுவதால் கண், மூக்கு வரையாமலே முகம் தெரியும். கடைசியாகத் தூரிகையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், வெளிர்நிறத்தால் மேலாக ஒரு வருடல். மழை மாதத்தில் வண்ணம் பூசுவதைத் தள்ளிப்போடுங்கள்.

யார் யாருடைய ஆள் என்பதைக் கொடி சொல்லும். பல்லவருக்கு ரிஷபம், பாண்டியருக்கு மீன், சோழருக்குப் புலி, கங்கருக்கு யானை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 6 செ.மீ. அகலத்தில் வெட்டிப் பீடமாக்குங்கள். காலாள் என்றால் ஒரு பீடத்தில் நான்கு பேர், குதிரை இரண்டு, யானை ஒன்று. ஒரு பீடம் ஓர் அணி. அடியில் எந்த அரசன் படை, எந்தக் கல்லைப் பார்த்துச் செய்தது என்று எழுதிவையுங்கள். சேகரிப்புக்கு மதிப்பு தருவது அந்த ஒரு வரிதான்.

ஐந்தாம் படி: களம்

மூன்றடிக்கு நான்கடி பிளைவுட். வடக்கு ஓரம் கொள்ளிடம், தெற்கே மண்ணியாறு. நீலத் துணி நாடா போதும். நடுவில் சாக்குத் துணியைச் சதுரமாக வெட்டிப் பச்சை பூசினால் வயல். இடையிடையே சணல் கயிறு ஒட்டினால் வரப்பு.

களத்துக்கு இரண்டு பருவம் வைத்திருக்கிறேன். கோடை ஆட்டத்தில் வயல் வெறும் தரிசு, எல்லாரும் முழு வேகம். சம்பா ஆட்டத்தில் நட்ட வயலுக்குள் இறங்கும் எந்த அணிக்கும் பாதி வேகம்தான், குதிரைக்குக் கால்பங்கு. வரப்பில் போனால் வேகம் குறையாது; ஆனால் வரிசையாகப் போவதால் அங்கே சண்டை வந்தால் இரண்டு சோழிதான் போடலாம் (சோழிக் கணக்கு அடுத்த படியில்). சேற்று வயலில் ஒருநாள் நாற்றுக்கட்டு சுமந்தவருக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம். ஒரே படையை இரண்டு பருவத்திலும் ஆடிப் பாருங்கள். கோடையில் களத்தைச் சுழற்றி அடிக்கும் குதிரை, சம்பாவில் வரப்போரம் நின்றுகொண்டிருக்கும். டெல்டாவை ஆண்டவர்களுக்குக் காலாள் ஏன் அத்தனை முக்கியம் என்பது எனக்கு இந்த மேசையில்தான் உறைத்தது.

ஆறாம் படி: ஆட்டம்

பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-இல் ஒழுங்குபடுத்திய போர் ஆட்டத்தில் பகடைதான் உருண்டது. நமக்குத் தாயம் ஆடும் சோழி இருக்கிறது. வாய் மேலே தெரிந்தால் ஒன்று, கவிழ்ந்தால் பூஜ்யம். எல்லாச் சோழியும் ஒரே மாதிரி விழாது. ஆகவே இரண்டு பேரும் ஒரே சோழிகளைத்தான் போட வேண்டும்.

பக்கத்துக்கு ஏழு அணி. பாண்டியருக்குக் காலாள் நான்கு, வில், குதிரை, யானை ஒவ்வொன்று. எதிரே பல்லவருக்குக் காலாள் இரண்டும் யானையும், கங்கருக்குக் குதிரையும் காலாளும், சோழருக்குக் காலாளும் வில்லும். இந்தப் பங்கீடு ஆட்டத்துக்காக நான் பிரித்தது. பிருதிவிபதிக்குத் தனியாக ஓர் உருவம் செய்து கங்க அணியோடு நிறுத்துங்கள்.

ஓர் அணியின் பலத்தைத் தெம்பு என்போம். காலாளுக்குத் தெம்பு 4, வில்லுக்கும் குதிரைக்கும் 3, யானைக்கு 5. ஒரு முறைக்குக் காலாளும் வில்லும் 10 செ.மீ., யானை 12, குதிரை 20 நகரலாம். உங்கள் முறையில் முதலில் நகர்த்தல், பிறகு அம்பு, பிறகு கைச்சண்டை. அம்பு 24 செ.மீ. வரை பாயும், மூன்று சோழி போட்டு இரண்டு திறந்தால் எதிரிக்கு ஒரு தெம்பு போகும். கைச்சண்டையில் இருவரும் மீதமிருக்கும் தெம்பு அளவுக்குச் சோழி போடுங்கள். குறைவாகத் திறந்தவருக்கு ஒரு தெம்பு போகும், 5 செ.மீ. பின்வாங்க வேண்டும். சமமாக விழுந்தால் இருவரும் நின்ற இடத்திலேயே. யானையின் தெம்பு 2-க்கு இறங்கினால் மிரண்டு வந்த வழியே 12 செ.மீ. ஓடும், வழியில் நிற்பது சொந்தப் படையானாலும் ஒரு தெம்பு போகும். ஏழில் நான்கு அணி இழந்தவர் தோற்றார்.

பிருதிவிபதிக்கு ஒரு தனி விதி உண்டு. அவருடைய பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு, திருப்புறம்பியப் போர்முனையில் பாண்டியனை வென்று, ‘வெல்லப்படாதவன்’ என்ற பொருளுள்ள தன் நண்பனின் அபராஜிதன் என்ற பெயரை மெய்யாக்கி, உயிரைக் கொடுத்து வானுலகம் போனார் என்று சொல்கிறது. அதை அப்படியே ஆட்டத்தில் வைத்தேன். ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, பல்லவர் பக்கம் ஆடுபவர் பிருதிவிபதியைக் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த முறை முழுக்க, அவரிடமிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் தன் அணிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு சோழி கூடுதல். பிறகு அவரை எடுத்துவிட வேண்டும்.

என் அக்கா மகள் முதல்முறை ஆடும்போது கடைசிவரை அவரைக் கொடுக்கவே இல்லை. “ராஜா செத்துட்டா தோத்த மாதிரிதானே மாமா?” என்றாள். தோற்றாள். அடுத்த வாரம் செப்பேட்டு வரியை வாசித்துக் காட்டினேன். மூன்று அணி போய், நான்காவது அணியும் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரத்தில் ஒன்றும் பேசாமல் அந்த உருவத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அந்த முறை அவள் போட்ட ஆறு சோழியில் ஐந்து திறந்தன. என் யானை மிரண்டு என் வில்லாளிகள் மேலேயே ஓடியது.

அன்றைக்கு அவள் சேர்த்த விதி இது. இப்போது எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. திருப்புறம்பியத்தில் பிருதிவிபதியின் பள்ளிப்படை, அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், என்று சொல்லப்படும் சிறு கோயில் இருக்கிறது, பார்த்திருக்கிறாள். மேசையிலும் அவர் விழுந்த இடத்தில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை எந்தப் பக்கத்து அணியும் அதன் மேல் ஏறக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும்.