பின்சக்கரமும் திரும்பும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகும் நம் பையன்கள் போனதும் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். டர்போ ஒரிஜினலா, எஞ்சின் எப்போது இறக்கி ஏற்றியது, வால்வு சத்தம் வருகிறதா என்று அரைமணி நேரம் முன்னாலேயே நிற்பார்கள். பின் பம்பருக்குக் கீழே குனிந்து பார்ப்பவர் அபூர்வம். பின்சக்கரமும் சேர்ந்து திரும்பும் ஃபோர் வீல் ஸ்டீரிங் உள்ள காரில் காசைக் கரைக்கும் இடம் அந்தப் பின்பக்கம்தான்.

எஞ்சின் போனால் கிள்ளான் வட்டாரத்து ஹாஃப் கட் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏதாவது ஒன்று தேறும். பின்சக்கரங்களைத் திருப்பும் பின் ஸ்டீரிங் ரேக் அப்படியில்லை. ஹாஃப் கட் என்று கப்பலில் வருவது பெரும்பாலும் காரின் முன்பாதி: எஞ்சின், கியர்பாக்ஸ், டாஷ்போர்டு, முன் சஸ்பென்ஷன். மிட்சுபிஷி கேலன்ட் விஆர்-4 எஞ்சினை நம் ஆட்கள் புரோட்டான் வீராவிலும் சத்ரியாவிலும் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் காரின் பின் ஸ்டீரிங்கை யாரும் சீந்தவே இல்லை. இன்று விஆர்-4 வைத்திருப்பவருக்கு எஞ்சின் சாமான் கிடைக்கும், பின் ரேக்குக்கு அலைய வேண்டியிருக்கும். அதனால் பார்வையை வாலிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாலு சக்கரமும் இழுப்பது வேறு, நாலு சக்கரமும் திரும்புவது வேறு. விஆர்-4-இல் இரண்டும் உண்டு. ஹோண்டா பிரிலியூட்டில் பின்சக்கரம் திரும்பும், ஆனால் இழுப்பது முன்சக்கரம் மட்டுமே. விளம்பரத்தில் விற்பவர் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால், அவருக்கே தன் காரைப் பற்றி அவ்வளவாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகை என்று தெரியாமல் போய் நிற்பது

ஃபோர் வீல் ஸ்டீரிங் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே மூன்று விதமான வேலைப்பாடு இருக்கிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எப்படிச் சோதிப்பது என்பதும் தெரியும்.

முதலாவது முழுக்க முழுக்க இயந்திர வகை. 1987-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரிலியூட் இதற்கு நல்ல உதாரணம். முன் ரேக்கிலிருந்து ஒரு நீளத் தண்டு காருக்கு அடியில் ஓடிப் பின்னால் இருக்கும் சின்ன கியர்பாக்ஸைச் சுழற்றும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்சக்கரம் முன்சக்கரம் போகும் பக்கமே ஒன்றரை டிகிரி அளவுக்குத் திரும்பும். மேலும் திருப்பினால் நேராகிவிடும். இன்னும் திருப்பினால் எதிர்ப்பக்கம் ஐந்து டிகிரிக்குச் சற்று மேல் போகும். இதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். சமமான தரையில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, நண்பரை ஸ்டீரிங்கை மெதுவாக ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, நேராகி, மறுபக்கம் போவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் ‘டக்’கென்று தாமதித்துக் குதித்தாலோ, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, பின் கியர்பாக்ஸோ மூட்டுகளோ தேய்ந்திருக்கின்றன.

இரண்டாவது ஹைட்ராலிக் வகை. நிசான் தன் பின்சக்கர ஸ்டீரிங்கான ஹைகாஸ் அமைப்பை 1985-இல் ஆர்31 ஸ்கைலைனில் கொண்டுவந்தது. அப்புறம் எஸ்13 சில்வியாவில் ஹைகாஸ்-2, 1989-இல் ஆர்32-இல் சூப்பர் ஹைகாஸ். விஆர்-4, அதற்குப் பின் 1990-இல் வந்த மிட்சுபிஷி ஜிடிஓ இரண்டிலும் பின்சக்கரத்தைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம்தான். இவற்றில் பின்சக்கரம் திரும்புவது ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி அளவுதான், அதுவும் வேகம் எடுத்த பிறகு. பிரிலியூட்டுக்குச் செய்த சோதனையை ஆர்32-க்குச் செய்துவிட்டு “பின்சக்கரம் அசையவே இல்லையே” என்று சொன்னால் விற்பவர் சிரிப்பார். இங்கே குழாய்களைத்தான் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால்வரை அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள் நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் துருப்பிடித்திருக்கும். லிஃப்ட்டில் ஏற்றி, விரலால் தடவிப் பாருங்கள். பின் ரேக்கின் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கினால் எண்ணெய் வழிந்தால் சீல் போய்விட்டது.

மூன்றாவது மின்சார வகை. 1991-இல் வந்த நான்காம் தலைமுறை பிரிலியூட்டிலிருந்து ஆர்33, ஆர்34 ஸ்கைலைன், ரெனோ மெகான் ஆர்எஸ்வரை இதில் அடங்கும். பின்னால் ஒரு மோட்டார், முன்னும் பின்னும் கோண சென்சர்கள், நடுவில் ஒரு கண்ட்ரோல் யூனிட். கெட்டுப்போனால் பின்சக்கரம் நேராக நின்றுகொள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள். அதனால் கார் சாதாரணமாக ஓடும், விற்பவரும் “ஒன்றும் பிரச்சினை இல்லை” என்பார். ஓட்டிப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

விளக்கைப் பார்க்காமல் விடுவது

அங்கேதான் டாஷ்போர்டு விளக்கு கைகொடுக்கும். ஹைகாஸ் என்றோ ஃபோர் வீல் ஸ்டீரிங் என்றோ ஒரு எச்சரிக்கை விளக்கு இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே எரியாத விளக்குதான் கவனத்திலிருந்து தப்பிவிடும். பல்பைக் கழற்றியிருப்பார்கள், அல்லது பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். ‘விளக்கு எரியவில்லை, அதனால் நல்ல கார்’ என்று நினைத்துப் பணம் கொடுப்பதைவிட, எரியும் விளக்கோடு நேர்மையாக விற்பவரிடம் பேரம் பேசுவது மேல்.

விளக்கு எரிந்தால் வரும் வழக்கமான பதில்: “சென்சர் மட்டும்தான் பாஸ், இருநூறு வெள்ளி வேலை.” இருநூறு வெள்ளி வேலை என்றால் அதைச் செய்துவிட்டு இன்னும் நல்ல விலைக்கு விற்றிருப்பாரே என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர் ஹைகாஸில் ஸ்டீரிங்கை இடமும் வலமும் திருப்பி, பிரேக்கையும் அமுக்கி, ஒரு முறைப்படி சுயபரிசோதனை செய்ய வைக்கலாம். விளக்கே சிமிட்டிச் சிமிட்டிக் கோளாறைச் சொல்லும். இந்த முறை தெரிந்த போமன் (மெக்கானிக்) செந்தூல் பக்கமோ ஜாலான் ஈப்போ பக்கமோ விசாரித்தால் கிடைப்பார். அவரைக் கூட அழைத்துப் போக ஆகும் செலவு வீண் செலவு இல்லை.

இன்னொன்று. கார் வெள்ளத்தில் மூழ்கியதா என்று கட்டாயம் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்கே தெரியும். பின் மோட்டாரும் அதன் ஒயர் இணைப்புகளும் காருக்கு அடியில், தண்ணீர் முதலில் தொடும் உயரத்தில் இருக்கின்றன. மேலே கம்பளத்தை மாற்றிவிடலாம், கீழே இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தால் பச்சைப் பூச்சு சொல்லிவிடும்.

அழகான ஸ்டீரிங் வீலில் மயங்குவது

ஒரிஜினல் ஸ்டீரிங்கைக் கழற்றிவிட்டு சின்ன ரேசிங் வீல் போட்ட ஸ்கைலைனும் சில்வியாவும் நிறைய உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஹைகாஸ் உள்ள காருக்கு, வீலை ஸ்டீரிங் தண்டோடு இணைக்கும் பாஸ் கிட் அதற்கேற்றதாகத் தனியாக இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். சாதாரணக் கிட்டைப் போட்டால் ஸ்டீரிங் கோணத்தை அளக்கும் சென்சர் சரியாகச் சுழலாது. அப்புறம் ஹைகாஸ் விளக்கு எரியும், நெடுஞ்சாலையில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு நெளியும். எந்தக் கிட் போட்டது என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் ஒரிஜினல் வீலாவது பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

காரைக் குடியிருப்புத் தாமானுக்குள் மட்டும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்புவதும் இதே ரகம். ஹைகாஸ் வேலை செய்வதும் கெடுவதும் வேகத்தில்தான் தெரியும். டியூக்கிலோ காராக் நெடுஞ்சாலையிலோ சட்டப்படியான வேகத்திலேயே ஓட்டி, தடம் மாறும்போது கார் ஒரே வீச்சில் நகர்கிறதா, அல்லது முன்பக்கம் போனபின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து ஆடுகிறதா என்று உணருங்கள். பினாங்கில் பார்க்கிறவர்களுக்குப் பாலிக் பூலாவ் மலைச்சாலை இருக்கிறது. மெகான் ஆர்எஸ்ஸுக்கு மட்டும் மெதுவேகமும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே அதன் பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும், அதற்கு மேல் அதே பக்கம். ரேஸ் மோடில் அந்த எல்லை 100 ஆகும். மிட் வேலி போன்ற இடங்களின் சுழல் பார்க்கிங் ஏற்றத்தில் ஒருமுறை ஏறினாலே எவ்வளவு சுருக்கமாகத் திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

பிரிலியூட் பார்ப்பவர்கள் பின் பம்பரின் இரண்டு மூலைகளையும் தடவிப் பாருங்கள். பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புவதால், சுவரை ஒட்டி நிறுத்திய காரை முழுக்கத் திருப்பிக் கிளப்பினால் பின்மூலை சுவர் பக்கம் வீசிக்கொண்டு போகும். பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டுத் தூண்களுக்குப் பக்கத்தில் நிறுத்திய பழக்கமுள்ள காரில் அந்த மூலையில் புட்டிப் பூச்சோ புதுப் பெயின்ட்டோ இருக்கும். அதை விபத்து என்று முடிவு கட்ட வேண்டாம், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் போதும்.

டயர் கடையை நம்பி அலைன்மென்ட்டை ஒதுக்குவது

பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தால் அது இந்தக் கார்களில் பெரிய செய்தி. காரைத் தூக்கி, பின்சக்கரத்தை ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பின் டை ராட் முனையோ ரேக்கோ போயிருக்கிறது. முன்சக்கரத்தில் இதைப் பார்க்கும் கடைக்காரர்கள் பின்சக்கரத்தில் இப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். இவற்றுக்கு முன் இரண்டு சக்கரத்தை மட்டும் சரிசெய்யும் அலைன்மென்ட் போதாது. பின் ரேக் நடுநிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு நாலு சக்கரமும் செய்ய வேண்டும். மின்சார வகைகளில் ஸ்கேனர் வைத்து சென்சரின் நடுநிலையையும் பார்க்க வேண்டும். காரை மிகவும் தாழ்த்தியிருந்தால் இந்தக் கணக்கு எல்லாமே கெட்டுப்போகும்.

சரி, ஹைகாஸையே கழற்றிவிட்டு, பின்சக்கரம் திரும்பாதபடி நிறுத்தும் லாக் பார் போட்ட கார்? என் கருத்தில் அது குறையில்லை. டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் வேண்டுமென்றே போடுவது அது, பராமரிப்பும் குறையும். ஆனால் அளவெடுத்துச் செய்த பார் வேறு, ரேக்கை அப்படியே வெல்டிங் அடித்து நிறுத்தியது வேறு. இரண்டாவதைப் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். லாக் பார் போட்ட காரை ஹைகாஸ் வேலை செய்யும் காரின் விலைக்கு வாங்காதீர்கள். கழற்றிய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரானையும் கணக்கையும் கடைசிக்கு வைப்பது

பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 பரிசோதனை செய்கிறார்கள். சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் கிரானோடு (காரின் உரிமைப் பத்திரத்தோடு) பொருந்துகிறதா என்பதுதான் அதில் முக்கியம். பின் ஸ்டீரிங் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை. எஞ்சின் மாற்றிய கார் என்றால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத எஞ்சினோடு வாங்கினால் பெயர் மாற்றமே நின்றுபோகும். தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் கிரானில் தனித்தனியாக இருக்கும், இறக்குமதிக் கார்களில் இரண்டுக்கும் இடைவெளி இருப்பது சகஜம். ‘சம்போங் பாயார்’ என்று யாராவது பேச்செடுத்தால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கடன் இன்னொருவர் பெயரில், கார் உங்கள் கையில் என்பது எந்த வகையிலும் உங்கள் கார் இல்லை.

ரோட் டெக்ஸையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு, 1,798 சிசி மெகான் ஆர்எஸ்ஸுக்கு ஆண்டுக்கு 279 ரிங்கிட் 20 சென். 2,157 சிசி பிரிலியூட் வீடெக்குக்கு 537 ரிங்கிட். 2,568 சிசி ஆர்32 ஜிடிஆருக்கு 1,050 ரிங்கிட். 2,972 சிசி ஜிடிஓவுக்கு 2,060 ரிங்கிட். மூன்று லிட்டருக்குள் இருந்தும் ஜிடிஓ இந்த உயரத்துக்குப் போவதற்குக் காரணம், 2,500 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை ரிங்கிட் கூடுவதுதான்.

முப்பது வயதுக் காருக்கு வங்கிக் கடனை எதிர்பார்க்க வேண்டாம், கைப்பணம்தான். இன்சூரன்ஸில் முழுக் காப்பீடு கேட்டால் பல நிறுவனங்கள் தயங்கும். கிடைத்தால் சந்தை மதிப்புக்கு எடுக்காமல், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகைக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். லாக் பார், மாற்றிய எஞ்சின், பெரிய டர்போ எதுவானாலும் பாலிசி எடுக்கும்போதே ஏஜென்ட்டிடம் சொல்லி, சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.